தேர் நிற்காத வாசல்

சிலுவைமுத்து கூப்பிட்டு வராதவர்கள் அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. இரண்டாம் தடவை கூப்பிடும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. ராயபுரத்தின் அந்தத் தெருவில் மீன்காரியிலிருந்து கரண்ட் கணக்கு எடுக்க வருபவர் வரை அவருடைய வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமல் அவர் தெருவில் நின்று யாரும் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் கையில் பிஸ்கட்டோடு தரையில் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து, "வா" என்றார்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த நாய் அவர் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் கிடந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது.

"நைனா, நீ அத்தப் பாக்காத," என்றாள் மகள் ஜானட், துடைக்கும் துணியோடு வந்து. தண்டையார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். "நேருக்கு நேரா பாத்தா அடிக்கப் போறாங்கன்னு நெனைச்சுக்கும்."

"நா எதுக்கு அடிக்கப் போறேன்?"

"அது உனுக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?"

அந்த நாயை எண்ணூரில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் போகும் வழியில், உடைந்து கிடந்த ஒரு குழாய்க்குள் இருந்து எடுத்தார்கள். சாம்பல் நிற நாய் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஜானட் குளிப்பாட்டியபோது தண்ணீர் கறுத்துக் கறுத்து ஓடி, கடைசியில் உள்ளிருந்து ஒரு செவலை வெளியே வந்தது. அதனால் பெயரும் செவலை. கழுத்தைச் சுற்றிக் கயிறு இறுகிய தழும்பு இருந்தது. யார் கட்டியது, எதற்கு அடித்தது என்பதெல்லாம் அந்த நாய்க்கு மட்டும் தெரிந்த கதை.

இப்படிப்பட்ட நாய்களை மீட்டு நல்ல வீடுகளில் சேர்க்கிற மகிமா என்ற பெண்ணிடம் ஜானட் வாக்குக் கொடுத்திருந்தாள்: மாதா திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும், பயம் தெளிய வைத்துத் தருகிறோம். எம்.கே.பி. நகரில் ஒரு குடும்பம் அதை வளர்க்கக் கேட்டிருந்தது. திருவிழா முடிந்ததும் நேரில் வந்து பார்ப்பார்கள். அப்போதும் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தால், ஊருக்கு வெளியே இருக்கும் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கம்பிக்குள் போன பயந்த நாயை அதன்பிறகு யாரும் கேட்டு வருவதில்லை.

"யாரக் கேட்டு வாக்குக் குடுத்த?" என்று சிலுவைமுத்து முதல் நாளே கேட்டார்.

"உன்னக் கேட்டா வேணான்னு சொல்லுவ. அதான் கேக்கல."

அவருக்கு நாய் பிடிக்காது. ஆனால் வாக்கு இந்த வீட்டின் பெயரில் போய்விட்டது. இந்த வீட்டிலிருந்து போன வாக்கு எதுவும் பாதியில் திரும்பியதில்லை. ஆகவே நாய் இருந்தது. இருந்த இடத்தையும் அதுவே தேர்ந்தெடுத்துக்கொண்டது: அவர் மனைவி ரோசியின் கட்டிலுக்கு அடியில், அவளுடைய தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில். ரோசி இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியும் அந்தக் கட்டிலுக்குச் சிலுவைமுத்து வாராவாரம் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். அதில் யாரும் படுப்பதில்லை.

"அது பக்கம் முதுகக் காட்டிகினு குந்து. கூப்பிடாத. சும்மா பேசிகினே இரு, அது போதும்," என்று ஜானட் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"தனியா இன்னாத்தப் பேசறது?"

"இன்னாவாச்சும். பேப்பரப் படி. மெதுவா, ஒரே மாதிரி."

பேப்பரைப் படித்தார். விபத்துச் செய்திவரை ஒழுங்காகப் போயிற்று. துறைமுகத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் சேதி வந்தபோது குரல் தானாக உயர்ந்துவிட்டது. பின்னால் தகரப் பெட்டி நகரும் சத்தம் கேட்டது. நாய் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பேப்பரை மடித்து வைத்தார். கோபப்படாமல் பேசுவதற்குத் தன்னிடம் விஷயமே இல்லையோ என்று அன்றைக்கு முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

அப்போது கோயில் மணி அடித்தது. சாயங்கால மணி.

ஒரு காலத்தில் அந்த மணி அடித்தால் தெருவே ஒரே குரலாக மாறும். வீட்டுக்கு வீடு மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி ஜெபமாலை சொல்வார்கள். பணி முடிந்து துறைமுகத்திலிருந்து நடந்து வருகிறவன் ஒரு வீட்டு வாசலில் கேட்ட மந்திரத்தின் மீதியை அடுத்த வீட்டு வாசலில் கேட்டுக்கொண்டே போகலாம். தெருக்கோடி வரை ஜெபம் அறாது. நடுவில் எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதும். கருவாட்டு வாசனையும் நிலக்கரித் தூசியும் சாம்பிராணியும் ஒன்றாகக் கலந்து வரும். இந்த வீட்டில் சிலுவைமுத்து முன்பாதியைச் சொல்ல, ரோசி அடுக்களையிலிருந்து பின்பாதியைச் சொல்லுவாள். கடைசியில் வரும் பிரார்த்தனையில் அவர் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவள் பதில் வரும், மீன் செதில் உராயும் சத்தத்தோடு சேர்ந்து. ஒருநாள் இரண்டு பதில்களுக்கு நடுவில், வாசலுக்கு வந்த மீன்காரியிடம் "இந்த மொட்டை நெத்திலிக்கு இம்மாம் காசா, போ" என்று பேரம் முடித்துவிட்டு, தாளம் தப்பாமல் அடுத்த பதிலுக்கு வந்து சேர்ந்தாள். சிலுவைமுத்து சிரிக்கவில்லை. ஜெபத்தில் சிரிக்கக் கூடாது. மறுநாள் கிரேன் கூண்டில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

அவள் போனபிறகு அவர் ஜெபத்தை வாய்க்குள்ளேயே முடித்துக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னால் பாதியில் ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் வீடு மிகவும் பெரியதாகத் தெரிந்தது.

அன்று விளக்கேற்றினார். கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாய்விட்டுத் தொடங்கினார். தன் பாதியை மட்டும் சொன்னார். ரோசி பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பழக்கத்தில் நிறுத்தினார். பிறகு அடுத்தது. அந்த இடைவெளிகள் இப்போது முன்போல வெறுமையாக இல்லை. பின்னால் ஒரு மூச்சு கேட்டது, வேகமாக, மேலோட்டமாக. ஜெபம் முடியும்போது அந்த மூச்சு நீளமாகியிருந்தது.

நாட்கள் போகப் போக இடைவெளிகளில் வேறு சத்தங்களும் வந்தன. நகம் தரையில் உரசும் சத்தம். ஒரு கொட்டாவி. பெட்டியின் மேல் வால் ஒருமுறை பட்டு, அந்தச் சத்தத்துக்கே அது பயந்து பதுங்கியது. ஒருநாள் ஜெபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாம் தேவரகசியத்தில் அவருடைய குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. அவர் மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். திரும்பவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் நாற்காலியை வாசல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கோயிலில் திருவிழாக் கொடி ஏறுவதற்குள் செவலை கூடத்தின் நடுவில் உடம்பை நீட்டிப் படுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. தெருவில் லாரி ஹாரன் கேட்டால் மட்டும் கட்டிலுக்கு ஓடிவிடும்.

"இன்னும் ஓடுதே," என்றார்.

"ஓடாத நாயே கிடையாது நைனா. ஓடிட்டுத் தானா திரும்பி வருதா, அதான் மேட்டரு."

கொடி ஏறிய மறுநாள் இன்னாசி வந்தார். திருவிழாக் கமிட்டித் தலைவர், சிலுவைமுத்துவோடு துறைமுகத்தில் இருந்தவர், அவரை மாமு என்று கூப்பிடத் துணிந்த ஒரே ஆள்.

"இன்னா மாமு, இந்த வாட்டியாவது பெரிய சரவெடியா வாங்கு. போன வருசம் பாதில புஸ்ஸுன்னு பூட்ச்சு."

சிலுவைமுத்துவின் அப்பா காலத்தில், திருவிழாவன்று மாதா தேரின் அச்சாணி இந்த வாசலுக்கு நேராக ஒடிந்துபோனது. துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா உள்ளே ஓடி, தன் கடப்பாரையை எடுத்துவந்து, அறுத்து, ஆணியாகச் செருகித் தேரை நகர்த்திவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் தேர் இந்த வாசலில் ஒரு நிமிடம் நிற்கும், வீட்டார் ஒரு சரவெடி விடுவார்கள், சாமியார் ஆசீர்வதிப்பார். தபால்காரருக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் இது 'தேர் நிற்கிற வீடு'. ரோசியைப் பெண் கேட்டுப் போனபோதும் மாப்பிள்ளை வீட்டை அப்படித்தான் சொன்னார்கள். அறுத்ததுபோக மிஞ்சிய கடப்பாரைத் துண்டு இன்றும் மாதா படத்துக்குக் கீழே, எண்ணெய் தடவி வைக்கப்பட்டிருந்தது.

"இந்த வருசம் வெடி இல்ல," என்றார் சிலுவைமுத்து.

இன்னாசி டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "ஒடம்பு சரியில்லியா?"

"உள்ள ஒரு நாய் கீது."

"எங்க வூட்லயுந்தான் நாய் கீது. வெடி வுட்டா கொலைக்கும், அப்றம் தூங்கிடும்."

"இது அந்த மாதிரி இல்ல. தேர் வெடி இல்லாம நிக்கட்டும்."

"வெடி இல்லாத வூட்ல தேரு எதுக்கு மாமு நிக்கணும்? இஸ்துகினு வர்ற பசங்க கேப்பானுங்களா? ஜெரி எத்தினி வருசமா கேட்டுகினே கீறான் தெரியுமா, எங்க வூட்டாண்ட நிறுத்துங்கன்னு? நீ வுடலன்னா அவன் வுடுவான், தெருவே அதிர்ற மாதிரி." கொஞ்சம் குரலைக் குறைத்தார். "உங்க அப்பா இருந்தா அந்தக் கடப்பாரைய எடுத்துகினு உன்ன அடிக்க வந்துருப்பாரு."

ஜெரியின் வீடு நான்கு வாசல் தள்ளி. அவனுக்குக் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. வீடு மாடிமேல் மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே வெடி விட்டாலும் இங்கே கட்டில் அதிரும். அந்த ஒருநாள் மட்டும் நாயை வேறெங்காவது கொண்டு வைக்கலாமா என்று மகளைக் கேட்டார். ஆட்டோவில் திணித்துப் புது இடத்தில் விட்டால் அது மறுபடியும் அந்தக் குழாய்க்கே போய்விடும் என்றாள் ஜானட். தேர் விஷயத்தை அவர் முடிவுக்கே விட்டுவிட்டாள். தேர் நிற்பது அவளுக்கும் சின்ன வயதுப் பெருமை.

மறுநாள் காலை சிலுவைமுத்து சட்டையை மாட்டி, கழுத்துப் பொத்தானைப் போட்டு, நான்கு வாசல் தள்ளி நடந்தார். இன்னொருவர் வாசலில் ஒன்றைக் கேட்டுப் போய் நிற்பது அவருக்கு அதுதான் முதல்தடவை.

"அங்கிள், நீங்களா வந்துக்கீறீங்க? குந்துங்க," என்று ஜெரி நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"தேர் இனிமே உங்க வாசல்ல நிக்கட்டும், ஜெரி. கமிட்டில நா சொல்லிடறேன்."

ஜெரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

"ஆனா வெடி வேணாம். இந்தத் தெருவுலயே வேணாம். நீ சொன்னா பசங்க கேப்பானுங்க."

"மெய்யாலுமே அந்த நாய்க்காகவா அங்கிள்?"

"வாக்குக் குடுத்துக்கீது எங்க வூடு."

ஜெரி தலையைச் சொறிந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் வியாபாரி. "சரி அங்கிள். வெடி வுடாம நா பாத்துக்கறேன். ஆனா அப்றம் தேரத் திரும்பக் கேக்கக் கூடாது."

"எங்க வூட்ல குடுத்ததத் திரும்பக் கேட்டது கிடையாது," என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். வீட்டுக்கு வந்ததும் படத்துக்குக் கீழே இருந்த கடப்பாரைத் துண்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். துடைத்துத் திரும்ப அங்கேயே வைத்தார்.

திருவிழா அன்று இருட்டத் தொடங்கியதும் தேர் தெருவுக்குள் திரும்பியது. பேண்டு வாத்தியம் தெருமுனையோடு நின்றுவிட்டது. அது ஜெரியின் ஏற்பாடு. கேட்டதற்கு மேலேயே செய்திருந்தான். சிலுவைமுத்து வெள்ளைச் சட்டையில், கையில் மெழுகுவத்தியோடு வாசலில் நின்றார். பக்கத்தில் ஜானட். பின்னால் கதவு திறந்தே இருந்தது. திருவிழாவன்று கதவை மூடிக்கொள்வது அந்த வீட்டு வழக்கமில்லை.

தேர் வந்தது. ஜரிகையும் ரோஜாவும் சீரியல் பல்புமாக மாதா அவருக்கு நேராக வந்தாள். வந்த வேகத்திலேயே கடந்து போனாள். வடம் பிடித்த இளைஞர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்னாசி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். எதிர்வீட்டு மாடியில் இருந்தவர்கள் தேரைப் பார்க்காமல் அவரைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

ஜெரியின் வாசலில் தேர் நின்றது. சாமியார் ஒலிபெருக்கியில் பிரார்த்தனையைத் தொடங்கினார். கூட்டம் பதில் சொல்ல ஆரம்பித்த நேரத்தில், யாரும் போய்க் கேட்டுக்கொள்ளாத அடுத்த தெருவிலிருந்து யாரோ ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள்.

வெடி கூரைகளுக்கு மேல் உருண்டு வந்தது. பின்னால் நகங்கள் சறுக்கின. தகரப் பெட்டி சுவரில் மோதும் சத்தம் கேட்டது. ஜானட் பதறித் திரும்பினாள்.

"திரும்பாத," என்றார்.

"நைனா…"

"நேரா பாரு."

ஒலிபெருக்கியில் முன்பாதி போய்க்கொண்டிருந்தது. அவருடைய பாதி அது, எத்தனையோ வருடங்களாக. அவர் வாயைத் திறந்து ரோசியின் பாதியைச் சொன்னார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." உயர்த்தாமல், தாழ்த்தாமல், அடுக்களையிலிருந்து வருவதுபோல. அடுத்த பெயருக்கும் அதே. வெடி இன்னொரு தரம் பொரிந்து அடங்கியது. அவர் குரல் அசையவில்லை. ஜானட்டும் சேர்ந்துகொண்டாள். அவள் குரல் அவளுடைய அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. அது அவருக்கு இதுவரை தெரியாது.

பிரார்த்தனை முடிந்தது. தேர் நகர்ந்து தெருக்கோடியில் திரும்பியது. கூட்டம் பின்னாலேயே போனது. அவர் அப்படியே நின்றார். மெழுகு உருகிக் கைமேல் விழுந்தது. கூடத்தில் ஒரு நகச் சத்தம். நின்றது. இன்னொன்று. வாசற்படிவரை வந்து, அங்கே வெகுநேரம் நின்றது. பிறகு அவருடைய கெண்டைக்காலில் ஒரு பாரம் மெல்ல வந்து சாய்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் விலகவில்லை.

அவர் குனிந்து பார்க்கவில்லை.

"நைனா," என்று ஜானட் கிசுகிசுத்தாள். "வந்துடுச்சு."

"தெரியும்."

நாளை மறுநாள் எம்.கே.பி. நகரிலிருந்து வருவார்கள். நல்ல குடும்பம் என்று மகிமா சொல்லியிருக்கிறாள். தண்ணீர் எங்கே வைப்பார்கள், எங்கே படுக்க வைப்பார்கள் என்பதை ஜானட் கேட்டுக்கொள்வாள். அவர் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது: உங்கள் வீட்டில் சாயங்காலத்தில் யாராவது வாய்விட்டு ஏதாவது சொல்லுவீர்களா? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே மாதிரி, மெதுவாக.