மழை நாளில் மட்டைச் சோதனை

என் கணவர் ஆர்லன் கில்பாட்ரிக் ஒரு சந்தேகப் பிராணி. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் தனியாக இருக்கிறது, அதற்கும் வருகிறேன். நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், மார்ச்சிலும் மைதானத்துப் பனியை வழித்துத் தள்ளிவிட்டுத்தான் பயிற்சியே தொடங்க முடியும் என்கிற எல்டர்ஹில் கல்லூரியில், வலைப்பை வைத்த மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ராஸ் ஆட்டத்தில், இருபத்தாறு வருடமாக ஆண்கள் அணிக்கு அவர்தான் கோச். சின்னக் கல்லூரி. உதவித்தொகையைக் காட்டி நல்ல ஆட்டக்காரர்களை இழுக்க வழியில்லை. கோச்சே வேன் ஓட்ட வேண்டும், கோச்சே ஜெர்சி துவைக்க வேண்டும். துவைத்தது யார் என்று என் கைகளைக் கேட்டால் சொல்லும்.

வேலிக்கு வெளியே யாராவது நாயோடு நின்றால் போதும், அவர் எதிரணி அனுப்பிய ஒற்றர். உடனே ஆட்டத் திட்டம் எழுதிய பலகை மேல் துண்டு விழும். ஒருமுறை அப்படி நின்றவர் எங்கள் வேதியியல் பேராசிரியர். நாய்க்கு வயதாகிவிட்டது, நடக்க முடியாமல் நின்றது, அவ்வளவுதான். "அதெல்லாம் நடிப்பு" என்றார் ஆர்லன். நாயா, பேராசிரியரா என்று நான் கேட்கவில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். டேன் விஷயத்தில்தான் என்னால் சிரிக்க முடியவில்லை.

டேன் ஹவ்லிக் எங்கள் பழைய கோல்கீப்பர். படிப்பை முடித்துப் போனவன், ஆர்லன் கூப்பிட்டதும் உதவிக் கோச்சாகத் திரும்பி வந்தான். ஒன்பது வருடமாயிற்று. நெட்டையன். எதையும் மனதில் ஒளித்து வைக்கத் தெரியாதவன். வியாழக்கிழமை தோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பையன்களின் மட்டைகளுக்கு வலை கட்டிக் கொடுப்பதும் அவன்தான். வந்த வினை அந்த வலையில்தான் இருந்தது.

லக்ராஸ் மட்டையின் நுனியில் இருக்கும் வலைப்பை, பந்து நிற்கும் அளவுக்குத் தொய்வாக இருக்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் எதிராளியால் பந்தைப் பிடுங்க முடியாது, அது கள்ள மட்டை. சந்தேகம் இருந்தால் எதிரணிக் கோச், நடுவரிடம் சோதனை கேட்கலாம். நடுவர் பந்தைப் போட்டுக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தப்பு என்றால் ஆட்டக்காரன் வெளியே. சரியாக இருந்துவிட்டால் சோதனை கேட்ட அணி, நடுவில் கேட்டு வாங்கக்கூடிய ஓய்வு நேரங்களில் ஒன்றை இழக்கும். அதனால் யாரும் சும்மா கேட்கமாட்டார்கள்.

மழையில் வலை நனைந்து இழுபடும். காலையில் ஒழுங்காக இருந்த மட்டை மூன்றாம் பகுதி ஆட்டத்தில் கள்ள மட்டையாகிவிடும். சென்ற வருடம், மழையில், செயின்ட் ஆல்ரிக் கல்லூரிக் கோச் மெக்கார்டில் எங்கள் அணியில் சரியாக ஒரே ஒருவனின் மட்டையைச் சோதிக்கச் சொன்னார். மாட்டினான். இந்த வருடம் அவர்கள் ஊரில், மறுபடி மழை. வேறு பையன். அவனும் மாட்டினான்.

"எவன் மட்டை எல்லையில இருக்குன்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்றார் ஆர்லன். "எனக்கு. கட்டிக் குடுத்தவனுக்கு."

"டேனையா சொல்ற?"

"நான் யாரையும் சொல்லல. கணக்குப் போட்டுப் பாருங்கறேன்."

அந்தக் கணக்கு என் நெஞ்சில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. வியாழன் இரவுகளில் டேன் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொள்வதை ஆர்லன் பார்த்துக்கொண்டே இருப்பார். அவன் போன் மணி அடித்தால் தலையைத் திருப்புவார். டேனுக்கு எதுவும் உறைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்கா, மிசஸ் கே?" என்பான்.

ஏப்ரலில் ஒரு காலை, வெர்மான்டிலிருந்து போன். வெயின்ஃபோர்ட் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர், மிசஸ் டட்டில் என்ற அம்மா. டேன் அங்கே தலைமைக் கோச் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தான். அவனைப் போன்றவனுக்கு அப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது. நான் பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆர்லன் ஜன்னலோரம் நின்று பேசினார்.

"கெட்டிக்காரப் பையன்தான். உழைப்பான். ஆனா…" ஜன்னல் கண்ணாடியை விரலால் துடைத்தார். "நம்பலாமான்னு கேட்டா, நான் உறுதியா எதுவும் சொல்ல முடியாதுங்க."

போனை வைத்ததும் கையிலிருந்த தட்டை மேசையில் போட்டேன். உடையவில்லை, உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு வெக்கமா இல்ல?"

"பொய் சொல்லச் சொல்றியா, ரோ?"

"அவன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு உண்மை பேசினேங்கற. ஆதாரம் இருக்கா?"

"மெக்கார்டிலுக்கு வேற எப்படித் தெரியும்? அதச் சொல்லு."

 அந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக எரிச்சலூட்டியது. பாழாய்ப்போன ஒரு நிமிடம், டேனையே நானும் சந்தேகப்பட்டேன். இருபத்தாறு வருடம் ஒருவரோடு குடித்தனம் செய்தால் அவருடைய வியாதியும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

அந்தச் சனிக்கிழமை செயின்ட் ஆல்ரிக் எங்கள் மைதானத்துக்கு வந்தது. காலையிலிருந்தே தூறல். கடைசிப் பகுதியில், நாங்கள் ஒரு கோல் முன்னணியில் இருக்கும்போது, மெக்கார்டில் கையைத் தூக்கினார். மட்டைச் சோதனை. எங்கள் ரடக் மாட்டினான். அவன் வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். ஆர்லன் ஸ்கோர் பலகையைப் பார்க்கவில்லை, டேனைத்தான் பார்த்தார். டேன் ரடக்கின் தோளில் கையைப் போட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

தோற்றாலும் ஜெயித்தாலும், ஆட்டம் முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் பெற்றோர்கள் கூடாரம் போட்டுப் பரிமாறுவார்கள். இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடும். நான் மாட்டிறைச்சி போட்ட பீன்ஸ் குழம்பை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மெக்கார்டில் கிண்ணத்தை நீட்டினார். கரண்டியை நான் கவிழ்க்கவில்லை.

"முதல்ல சொல்லுங்க. எங்காளு யாரு உங்களுக்குத் தகவல் குடுக்கறது?"

"ஐயோ, குழம்பு ஆறுதும்மா."

"ஆறட்டும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த சீசனோட எனக்கு ஓய்வு. இனிமே தெரிஞ்சா என்ன? உங்க வீட்டுக்காரர்தான்."

"என்ன?"

"மழை பெஞ்சா ஆர்லன் பந்தப் பாக்கறதேயில்ல. யார் மட்டைல பயமோ அவனையே முறைச்சுப் பாப்பாரு. அவன் எங்க ஓடினாலும் தலை பின்னாலயே போகும். நான் ஆட்டத்தப் பாக்கறத விட்டுட்டு அவர் கண்ணப் பாத்தேன். இவ்வளவுதான் விஷயம். இப்பவாவது ஊத்துங்க."

ஊற்றினேன். நிமிர்ந்தபோது கூடாரக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஆர்லன் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் நான் பாவப்படவில்லை.

திங்கட்கிழமை காலை நானே மிசஸ் டட்டிலின் நம்பரைப் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்து, போனை அவர் கையில் கொடுத்தேன். டேன் தங்கமான பையன், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், முன்பு சொன்னது தப்பு என்று ஆர்லன் மூச்சுவிடாமல் சொன்னார்.

மறுமுனையில் அந்த அம்மா கேட்டார்: "மிஸ்டர் கில்பாட்ரிக், போன வாரம் உறுதி சொல்ல முடியாதுன்னீங்க. இந்த வாரம் தங்கம்கிறீங்க. அவரை உங்க தலையிலேருந்து எங்க தலைக்குத் தள்ளிவிடப் பாக்கறீங்களா?"

 அந்த அம்மாவின் இடத்தில் இருந்திருந்தால் ஆர்லனும் இதையேதான் கேட்டிருப்பார். மழை, மட்டை, மெக்கார்டில் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அது கட்டுக்கதை போலவே ஒலித்தது. "பாக்கறோம்" என்றார் அந்த அம்மா. புதன்கிழமை வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

"அவன்கிட்ட நீயே சொல்லிடு" என்றேன்.

"சொல்றேன். சமயம் பாத்து."

வியாழக்கிழமை டேன் வந்தான். தட்டில் உருளைக்கிழங்கு அப்படியே கிடந்தது. முள்கரண்டியால் அதைக் குத்திக்கொண்டே இருந்தான்.

"யாரோ என்னப் பத்தி ஏதோ சொல்லியிருக்காங்க, மிசஸ் கே. அந்தக் காலேஜ்ல நேர்ல பாத்தப்ப அவ்வளவு நல்லாப் பேசினாங்க. அப்புறம் திடீர்னு கதவச் சாத்திட்டாங்க. என்னப் பத்தி விசாரிக்க மூணு பேரோட நம்பர்தான் குடுத்திருந்தேன். அந்த சம்மர் கேம்ப் ஆளா இருக்குமா? இல்ல, நம்ம வரலாற்று ப்ரொஃபசரா? நேத்து அவர் வணக்கம் சொன்னாரு, எதுக்குச் சொல்றாருன்னு யோசிச்சேன். நான் இப்படியெல்லாம் யோசிக்கற ஆளே இல்ல."

அவன் கண்கள் இடுங்கியிருந்தன. அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். இத்தனை வருடமாக மேசையின் அந்தப் பக்கத்தில், ஆர்லன் முகத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மூணாவது நம்பர் யாரோடது, டேன்?" என்று கேட்டேன்.

"கோச்சோடது." தோளைக் குலுக்கினான். "அவரை நான் கணக்குலயே சேக்கல."

ஆர்லன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் உதவி செய்யவில்லை.

"நான்தான், டேன்" என்றார். "நான்தான் சொன்னேன்."

டேன் வாய்விட்டுச் சிரித்தான். "போங்க கோச், நீங்க வேற." சிரித்துக்கொண்டே, நானும் சிரிப்பேன் என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் சிரிக்கவில்லை.