ராகேலின் குரலில் ஒரு வக்கீல்

2021ஆம் ஆண்டு நவம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்றேகால் மணியிலிருந்து வக்கீல் கோலப்பன் ஒரு பெண்ணின் குரலில் வாதாடி வருகிறார். அந்தக் குரல், குலசேகரத்துக்கு மேலே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் ராகேலுடையது. சபையின் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடம் முன்வரிசையில் நின்று பாடியவர் அவர். முதல் நாள் “கனம் நீதிபதி அவர்களே” என்று கோலப்பன் தொடங்கியதும், பேசிய பெண்மணி முன்னால் வரலாம் என்றார் நீதிபதி. பெரிய மீசையும் கறுப்பு கவுனுமாகக் கோலப்பன் ஓரடி முன்னால் வந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்றார். அது ஒரு நடைபாதை வழக்கு. கோலப்பன் பக்கமே தீர்ப்பானது.

இதற்கு ஐந்து வருடம் முன்னால் ராகேலின் கணவர் ஜெபசீலனைக் கைது செய்திருந்தார்கள். அவர் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுகாரர். பாம்புக்கடிக்குப் பயந்து வெட்டுகாரர்களுக்குப் பூட்ஸ் கேட்டவர் என்பதால் முதலாளிக்கு அவரைப் பிடிக்காது. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, ரப்பர் ஷீட்டுகள் உலர்த்தும் புகைப்புரை எரிந்து போனது. கொளுத்தியது ஜெபசீலன்தான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். முதலாளியின் பெயரைக் கேட்டதும் நான்கு வக்கீல்கள் கைவிரித்தார்கள். ஐந்தாவதாகத் தக்கலையில் கோலப்பன் அலுவலகத்துப் படியேறினார் ராகேல். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுகை வந்துவிட்டது.

“அழாண்டாம், ராகேலம்மா. அந்த மனுசனுக்கு நாக்கு இல்லண்ணு நெனச்சுத்தானே இப்பிடிச் செய்யுகாவ? இனி அவருக்கு நாக்கு நான்” என்றார் கோலப்பன்.

சொன்னபடியே நின்றார். தீப்பிடித்த அன்றே காலை ஏழு மணிக்குக் கைது செய்த இடத்தைக் காட்டப் போலீஸார் எடுத்த படங்களோடு, அட்டை கடிக்கக் கடிக்க எஸ்டேட் மேடு ஏறினார். படங்களில் ஜெபசீலனின் பகுதியிலிருந்த முந்நூறு மரங்களும் அன்று காலை வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையில் புதுப்பால் நிறைந்திருந்தது. முந்நூறு மரம் வெட்ட, நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை, மூன்று மணி நேரம் ஆகும். புகைப்புரையோ மலைக்கு அந்தப் பக்கம், ஒரு மணி நேர நடை. இதைக் கோலப்பன் செஷன்ஸ் கோர்ட்டில் மரம் மரமாகச் சொன்னார். ஜாமீன் கிடைக்கும்வரை ஏழு மாதம் ஜெயிலில் இருந்த ஜெபசீலன், இரண்டாம் வருடம் குற்றமற்றவராக வெளியே வந்தார். கோர்ட் வளாகத்து மண்ணில் ராகேல் முழங்காலிட்டபோது கோலப்பனுக்குக் கூச்சமாகிவிட்டது.

“எழும்புங்கம்மா. சாமிக்குச் சொல்லுங்க, எனக்கு எதுக்கு?”

“சாமிக்குச் சொல்லியாச்சு சாரே. அவருதான உங்களக் காட்டித் தந்தாரு.”

அன்றிலிருந்து ராகேலின் காலை ஜெபத்தில் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் கோலப்பனின் பெயர் வந்தது. மூன்று வருடம் கழித்து கோலப்பனின் தொண்டையில் கட்டி வந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு இல்லை. அந்த நடைபாதை வழக்கைத் தவிர மற்ற வழக்குக் கட்டுகளைக் கட்சிக்காரர்கள் திரும்ப வாங்கிப் போனார்கள். செய்தி குலசேகரத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, ராகேல் ஆராதனை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. “கர்த்தரே, அவரு பேசல்லேன்னா எத்தன பேரு வாயில்லாம நிப்பாவ! எனக்க குரல எடுத்து அவருக்குக் குடும்” என்று சத்தமாகவே ஜெபித்தார். மறுநாள் காலை கணவரைத் தேநீர் குடிக்கக் கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வழக்கமான குரல் கேட்காமல் பயந்து ஓடிவந்த ஜெபசீலன் கண்டது, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்த மனைவியை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட் கலைந்ததும் குரல் ராகேலிடம் திரும்பி வந்தது. சனிக்கிழமை காலை கோலப்பன் வந்து, தயவுசெய்து இதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாளில் எழுதி நீட்டினார். அழுததில் எழுத்து கலங்கியிருந்தது.

“தந்தது நான் இல்ல சாரே, திருப்பி எடுக்க எனக்கு அதிகாரம் உண்டுமா?” என்றார் ராகேல். “எனக்க மாப்பிள்ள ஜெயில்ல கெடந்தப்ப நீங்க பேசுன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் பாட்டாட்டுத்தான் கேட்டுது. பேசுங்க. நல்லாப் பேசுங்க.”

சபையில் இரண்டு பேர், பகவதி கோயிலுக்குப் போகிறவருக்குக் கீர்த்தனை பாடும் குரலா என்று முணுமுணுத்தார்கள். நீதியுள்ள வாயைக் கர்த்தர் ஜாதி பார்த்தா திறக்கிறார் என்று போதகர் எட்சன் கேட்டதோடு அது அடங்கியது. கோர்ட் வேலை நாளில் குரல் வக்கீலுக்கு, விடுமுறையில் ராகேலுக்கு என்று ஒழுங்கு நிலைத்துவிட்டது. ஜெபசீலன் சபை காலண்டருக்குப் பக்கத்தில் கோர்ட் விடுமுறைப் பட்டியலை ஒட்டினார். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறையான மே மாதம் முழுக்க ராகேல் பாடித் தீர்த்தார். மேற்குத் தாலுகாக்களில் வழியற்றவர்கள் அந்தக் குரலைத் தேடி வந்தார்கள். அது வாதாடிய வழக்குகளில் வீடு திரும்பியவர்கள் நூற்றுப்பத்துப் பேருக்கு மேல்.

போன வருடம் அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாழைக்குலையும் பலாவும் குவிந்த பீடத்துக்கு முன்னால் ராகேல் தனிப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணத்தின் நடுவில் குரல் அறுந்தது. ஆர்மோனியம் மட்டும் இரண்டு கட்டை தனியாக ஓடி நின்றது. அதே நேரம் முட்டத்து மீனவர் சிலுவைமுத்துவை, அதே பெயருள்ள வேறொருவருக்குப் பதிலாகப் பிடித்து, விடுமுறை நாளென்பதால் நீதிபதியின் வீட்டு வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். கோலப்பன் அங்கே வாய் திறந்திருந்தார்.

போதகர் ராகேலைப் பார்த்தார். ராகேல் தலையசைத்தார்.

“யாருக்கோ கோர்ட்டு தொறந்திருக்கு,” என்றார் போதகர். “எல்லாரும் எழும்புங்க. ராகேலுக்க பாகத்த நாம பாடுவோம்.”

நானூறு பேர் எழுந்தார்கள். முணுமுணுத்த இருவரும் எழுந்தார்கள். பாட்டுத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் திரும்பத் திரும்பப் பாடினார்கள். நீதிபதி வீட்டிலிருந்து சிலுவைமுத்து விலங்கில்லாத கையோடு பஸ் ஏறினார். நான்காம் சரணத்தில் ராகேலின் தொண்டை இளகியது. விட்ட இடத்தைத் தேடாமல், சபை பாடிக்கொண்டிருந்த வரியிலேயே சேர்ந்து பாடினார்.