அண்ணாச்சி போர்டைத் துடைத்த வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ஏழே கால். பால் பாக்கெட்டுடன் திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நான், அந்தக் காட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

மளிகைக்கடை அண்ணாச்சி, விலை எழுதும் கறுப்புப் பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

துவரம்பருப்பு போயிற்று. சர்க்கரை போயிற்று. கடலை எண்ணெயில் 'கட' மட்டும் மிச்சமிருந்தது. அடுத்த இழுப்பில் அதுவும் போயிற்று.

உங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்கு விலை ஏறப்போவது தெரிந்தது.

நான் உலகநாதன். வயது நாற்பத்தொன்பது. பதினோரு வருடங்களாக நைஜீரியாவில், லாகோஸ் நகரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியும் வாளியும் செய்யும் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜர். அந்தப் பதினோரு வருடங்களில் அந்த ஊர்ப் பணம் நைரா எத்தனை முறை விழுந்தது என்று கேட்டால், விழாத வருடங்களைச் சொல்வது எனக்குச் சுலபம். அங்கே நான் கற்ற பாடம் ஒன்றே ஒன்று. கடைக்காரன் விலையை அழித்தால் யோசிக்காதே, வாங்கு. அவன் மறுபடி எழுதுவதற்குள் வாங்கு. என் கெஸ்ட் ஹவுஸ் கட்டிலுக்கடியில் நாற்பது டின் பால்பவுடர் இருக்கிறது. நான் குடிப்பது பால் சேர்க்காத கட்டங்காப்பி.

ஆகவே அடுத்த பத்து நிமிடங்களில் நடந்ததற்கும் என் மூளைக்கும் சம்பந்தம் கிடையாது.

"அண்ணாச்சி, கடலை எண்ணெய் பெரிய டின்னு எத்தனை இருக்கு?"

"பதினஞ்சு கிலோ டின்னா? ஒரு பன்னெண்டு கிடக்கும் சார்."

"பன்னெண்டும் எடுங்க. பழைய விலைக்கு."

அண்ணாச்சியின் துணி பாதிப் பலகையில் நின்றது. "பழைய வெலையா? அப்ப புது வெல ஏதும் வருதா சார்?"

நான் கண்ணடித்தேன்.

ஏன் கண்ணடித்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

டின்களை ஏற்ற வந்த லோடு ஆட்டோ கஜபதி, எங்கள் குடியிருப்புக்கே பழக்கமானவன். ஒவ்வொரு டின்னாக எண்ணி அடுக்கினான்.

"இன்னா சார், ஊட்ல விசேஷமா? இம்மாம் எண்ணெ வாங்கிகினு போறீங்கோ?"

"விசேஷம் எல்லாம் இல்லப்பா. சாயங்காலம் பாரு, உனக்கே தெரியும்."

இதைத் தாழ்ந்த குரலில், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னேன். கஜபதி மாதிரி ஆளிடம் ஒரு விஷயத்தைத் தாழ்ந்த குரலில் சொல்வது, மைக் வைத்துச் சொல்வதைவிட வேகமானது.

கதவைத் திறந்த ராணி, ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே வரும் டின்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பார்வையை நான் நாலைந்து முறை சந்தித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறேன்.

"வடை கடை போடப் போறீங்களா?"

"விலை ஏறுது ராணி. அண்ணாச்சி போர்டைத் துடைக்கறான்."

"திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு என்னா இருக்கு, ஞாபகம் கீதா?"

இருந்தது.

திருமழிசை தொழிற்பேட்டையில் ஏகாம்பரம் என்பவருக்குச் சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் யூனிட். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி சாலைக்குப் போக, மீதியில் ஷெட் போட்டவர். அவருக்கு ஒரு மேனேஜர் வேண்டும். ராணி இரண்டு மாதம் ஆள் பிடித்து, பேசி, எனக்காக அந்த நாற்காலியைத் துண்டு போட்டு வைத்திருந்தாள். திங்கட்கிழமை நான் போய் 'சரி' என்று சொல்ல வேண்டும். சொன்னால் இனி லாகோஸ் இல்லை. ராணியோடும் மகள் வர்ஷாவோடும் இந்த வீட்டில் இருக்கலாம்.

சொல்லாவிட்டால்? அதையும் ராணி தெளிவாகவே அறிவித்திருந்தாள். "அடுத்த லீவுக்கு வரப்போ ஆவடில லாட்ஜ் பாத்துக்கங்க. இது எங்க ரெண்டு பேர் ஊடு."

இதில் சிக்கல் என்னவென்றால், புதன்கிழமையே நான் அந்த யூனிட்டைப் பார்த்துவிட்டேன். நல்ல காற்றோட்டம். எனக்கென்று ஏ.சி. அறை. ஏகாம்பரம் பெருமையாகச் சொன்னார்: "நம்ம கைல ஒரு பிரச்சினையும் கிடையாது சார். மிசினு பாட்டுக்கு ஓடும். நீங்க குந்திகினு பாத்தா போதும்."

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலைவலி. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். எதை யோசிக்க வேண்டும் என்று ராணி கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அண்ணாச்சி கடை வாசலில் கூட்டம்.

கஜபதி ஸ்டாண்டில் சொல்லியிருக்கிறான். ஸ்டாண்டு ஊருக்குச் சொல்லியிருக்கிறது. மேல்மாடி ஸ்ரீநாத், ஐ.டி. கம்பெனிக்காரன், குடியிருப்போர் சங்கச் செயலாளர், வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜே போட்டுவிட்டான். "நம்ம உலகநாதன் சார் ஆப்பிரிக்காவுல பொருளாதார நெருக்கடியை நேர்ல பாத்தவர். அவரே ஸ்டாக் பண்றார். பயமுறுத்தல, சும்மா சொல்றேன்."

சனிக்கிழமை காலை பலகையில் புது விலை. கடலை எண்ணெய் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் ஏற்றம்.

"பாத்தியா! சொன்னேனா இல்லையா?" என்று ராணியிடம் துள்ளினேன். அவள் வெங்காயம் நறுக்கினாள்.

நான் வரிசைக்குக் கிளம்பினேன். எதற்கு? எண்ணெய் என்னிடமே நூற்றெண்பது கிலோ இருந்தது. சர்க்கரை வாங்க என்று சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த இரண்டு மணி நேரம் நான் ராஜா. நாற்பது பேர் தள்ளுமுள்ளு செய்துகொண்டிருந்தார்கள். லாகோஸ் பெட்ரோல் வரிசைகளில் பட்டம் வாங்கியவன் நான். பேனா எடுத்து ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நம்பர் போட்டேன். ஆபீசுக்கு அவசரமாகப் போக வேண்டியவர்களுக்குப் பதிலாகச் செங்கல் வைக்கலாம் என்று சட்டம் இயற்றினேன். ஒரு செங்கல்லுக்கு அரை மணி நேரம்தான் மரியாதை என்றேன். எல்லோரும் கேட்டார்கள். இந்த ஊரில் என் பேச்சை நாற்பது பேர் கேட்டது அதுவே முதல் முறை. வீட்டில் இருவரே இருக்கிறார்கள், அவர்களே கேட்பதில்லை.

பதினேழாம் நம்பர் ஸ்ரீநாத் பெருமூச்சு விட்டான். "இந்த நாடு உருப்படாது சார். எனக்குக் கனடா பேப்பர் வந்தாச்சு. அடுத்த வருஷம் கண்டிப்பா கிளம்பிடுவேன்."

யாரோ என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் நிற்பது போல் இருந்தது. இது என் வசனம். லாகோஸில் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பது இந்தியர்கள் ஒரே ஏ.சி.க்குக் கீழே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு சொல்லும் வசனம். இந்த நாடு உருப்படாது, அடுத்த வருஷம் கண்டிப்பா கிளம்பிடுவேன். ஒருமுறை என் சூப்பர்வைசர் துண்டேயிடமே அதைச் சொன்னேன். அவன் லாகோஸ்காரன், மூன்று குழந்தைகள், என் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. "ஓகா," என்றான். முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்க வருஷா வருஷம் கிளம்பறீங்க. நாங்க எங்கே கிளம்பறது?" அதற்கு நான் அவனுக்கு இரண்டு டின் பால்பவுடர் கொடுத்தேன். அந்த மாதிரி ஆள் நான்.

எதிர்ப்பக்கம் ராணி காய்கறிப் பையுடன் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

பகல் இரண்டு மணிக்குப் போன். லாகோஸ் எம்.டி.

"உலகநாதன், நைரா மறுபடி விழுந்துடுச்சு. டீசல் இல்லை. மூலப்பொருள் துறைமுகத்துல மாட்டிக்கிச்சு. புதன்கிழமைக்குள்ள வர முடியுமா?"

மனிதன் என்றால் துக்கப்பட வேண்டும். எனக்குக் காது மடல் சூடேறியது. நரம்பெல்லாம் சுறுசுறு என்றது. ஜெனரேட்டர் டாங்கில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்து, திங்கள் மதியம் பதில் சொல்வதாகச் சொல்லி, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு திரும்பினேன். பின்னால் ராணி.

"யாரு?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கு டீசல் எவ்ளோ கீதுன்னா கேப்பாங்க?"

பிறகு அவள் உட்கார்ந்தாள். "அண்ணாச்சிகிட்ட போயிருந்தேன். ஏன் போர்டைத் தொடச்சீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"வெள்ளிக்கிழமையாம். வாரா வாரம் தொடச்சு, மஞ்சா குங்குமம் வெச்சு, அதே வெலையத் திருப்பி எழுதுவாராம். நீங்க கண்ணடிச்சதைப் பாத்துட்டுத்தான் பதினஞ்சு ரூபா ஏத்தினாராம். வெளிநாட்ல இருந்து வந்தவரு, தெரியாமயா சொல்வாருன்னு."

டின்களின் மேல் விசிறிக் காற்று பட்டு எங்கோ ஒரு மூடி டொக்கென்றது.

ஊர் ஊராகப் பொருளாதார நெருக்கடியைத் திட்டியவன், சொந்தமாக ஒன்றைத் தயாரித்துவிட்டேன். குடிசைத் தொழிலாக.

ஞாயிறு காலை ராணியின் தீர்ப்பு நிறைவேறியது. இரண்டு டின் தவிர மற்றதெல்லாம் கடைக்குத் திரும்ப வேண்டும். கஜபதி வந்தான். ஏற்றிய டின்களையே இறக்குவது அவனுக்குப் புதிய அனுபவம்.

"இன்னா அண்ணாத்தே, ரிட்டனா?" குரலைத் தாழ்த்தினான். "வெல எறங்கப் போவுதா?"

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணையும் மூடிக்கொண்டேன். அதுவே போதுமானதாக இருந்தது.

பத்து மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, விலை இறங்கப் போகிறது என்று. வரிசை கரைந்தது. செங்கற்கள் மட்டும் அநாதையாக நின்றன. இறங்கட்டும், பிறகு வாங்கலாம் என்று அவரவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பலகையைத் துடைத்துப் பழைய விலையை எழுதினார். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "நீங்க இனிமே பால் வாங்க அந்தப் பக்கத்து ரோட்டு வழியா போங்க சார், புண்ணியமாப் போகும்."

காலியான தெருவைப் பார்த்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். ராணி பக்கத்தில் வந்தாள்.

"நேத்து லைன்ல உங்க மூஞ்சியப் பாத்தேன். நம்ம கல்யாணத்துல கூட அப்படி சிரிக்கல நீங்க. பதினோரு வருசமா அங்க கஷ்டப்படறாருன்னு நானும் நெனச்சிகினு கீறேன்."

அவள் பார்த்தது சரிதான். இந்த வீட்டில் சிலிண்டர் போனில் வருகிறது. கரண்ட் பில்லை வர்ஷா விரலால் தட்டிக் கட்டுகிறாள். சாதாரணப் புதன்கிழமையில் இங்கே உலகநாதனுக்கு வேலை இல்லை. டீசல் தீர்ந்து, மெஷின் நின்று, இருநூறு பேர் என் முகத்தைப் பார்க்கும் இடத்தில்தான் நான் ஆள். இதை ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் ஃபீஸ் கொடுத்திருப்பேன். ராணி சொன்னதால் காபி கேட்டேன்.

திங்கட்கிழமை. திருமழிசை பஸ்ஸில் உட்கார்ந்து லாகோஸுக்கு ஒரு மெசேஜ் டைப் செய்தேன். 'புதன் வருகிறேன்.' அனுப்பவில்லை. விரல் அதன் மேலேயே இருந்தது. ஏகாம்பரத்தைப் பார்த்து மரியாதையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு அனுப்பலாம். ராணியிடம் என்ன சொல்வது என்பதற்கு எனக்குக் கதை எதுவும் கிடைக்கவில்லை.

ஏகாம்பரம் இன்று வேறு மாதிரி இருந்தார். பெருமை இல்லை. தலையைச் சொறிந்தார்.

"சார், குந்துங்க. அன்னிக்கு நான் உண்மைய சொல்லல. உங்க கைல மறைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ரெண்டாம் நம்பர் மிசினு ஆயில் கக்குது. கரண்டு ஒரு நாளைக்கு மூணு தபா பூடுது. பிளாஸ்டிக் குருணை வெல வாராவாரம் மாறுது, எப்ப வாங்கறதுன்னே புரியல. ஊருக்குப் போன ஒடிசா பசங்க ஆறு பேர் திரும்பல."

நான் நாற்காலியை முன்னால் இழுத்தேன். "ஜெனரேட்டர்?"

"கீது. ஆனா ஸ்டார்ட் ஆவாது."

என் கைகள் தாமாகவே சட்டைக் கையை மடித்தன. "எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும் சார். நீங்க வேணாம்னு சொன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"பேப்பர் எங்கே?"

கையெழுத்துப் போட்டேன். வாசலுக்கு வந்து டைப் செய்ததை அழித்து, எம்.டி.க்கும் துண்டேவுக்கும் 'இனி வரவில்லை' என்று அனுப்பினேன். துண்டேயின் பதில் உடனே வந்தது: 'பதினோரு வருடமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஓகா. கட்டிலுக்கடியில் இருக்கும் பால்பவுடரை எடுத்துக்கொண்டால்தான் நம்புவேன்.' எடுத்துக்கொள் என்றேன்.

பிறகு ராணிக்குப் போன். "சரின்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆவாதுன்னு சொன்னாரா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நேத்து நான்தான் அவருக்குப் போன் பண்ணேன். நல்ல கம்பெனின்னு சொல்லாதீங்க சார், ஓடிப்பூடுவாரு. பிரச்சினையா சொல்லுங்க, உக்காந்துடுவாருன்னேன்."

"அடிப்பாவி! அப்ப அவ்வளவும் பொய்யா?"

"பாதிதான் பொய்யாம். எந்தப் பாதின்னு அவரு எனக்கும் சொல்லல."

அந்த நொடியில் ஷெட்டுக்குள் மெஷின்களின் இரைச்சல் சட்டென்று நின்றது. விளக்குகள் அணைந்தன. "கரண்டு பூட்ச்சி!" என்று யாரோ கத்தினார்கள். உடனே பின்கட்டிலிருந்து ஜெனரேட்டர், ஒரே முயற்சியில், சும்மா கணீரென்று ஓட ஆரம்பித்தது.

ஆக, அது பொய். ஆனால் கரண்ட் போனது உண்மை. அப்படியென்றால் இரண்டாம் நம்பர் மெஷின்?

"அப்புறம் பேசறேன் ராணி," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.