உர்சுலா என்னை வெளியே அனுப்பிய கதை

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிராங்கூன் சாலைப் பக்கம் இயங்கும் ஓர் இலக்கிய வட்டம், தன் 1984ஆம் ஆண்டு விழா மலருக்கு என்னிடம் ஒரு கதை கேட்டது.

"மனநலம் பத்தி இருந்தா நல்லா இருக்கும் சார், இப்ப அதான் புதுசு" என்றார் மலர்க் குழுவின் வடிவேலு.

பொன்னாடை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அந்த நொடியில் மானுடத் துயரம் என் நெஞ்சை உலுக்கியது.

டன்லப் தெருவில், மசாலா அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில், மனம் உடைந்து வருகிறவர்களிடம் தமிழில் பேசி உதவும் பெண்மணி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

"நல்ல கேஸ் ஒண்ணு சொல்லுங்க மிஸ். பேர மாத்திடுறேன்."

"அதெல்லாம் சொல்ல முடியாது லா, சார்." [இந்த "லா" சிங்கப்பூர்ப் பேச்சின் வால்.]

"ஊரையும் மாத்திடுறேன்."

"சிங்கப்பூர்ல எத்தனை ஊர் இருக்கு மாத்துறதுக்கு?"

பிறகு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

நான் ஒரு மணி நேரம் பேசினேன். என் மேலதிகாரி, என் முதுகுவலி, என் முதல் தொகுப்புக்கு ஒருவர் எழுதிய விமர்சனம் [முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்தேன்]. இறங்கி தேக்கா மார்க்கெட் வரை நடந்த பிறகுதான் உறைத்தது: கேஸ் வாங்கப் போனவன், ஒரு கேஸைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே, இனி வருகிறவர்கள் எல்லாரும் கற்பனை. அந்தப் பெண்மணிக்கு உர்சுலா என்று நானே பெயர் வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "முத்தாயியின் விழிகளில் ஆழ்கடலின் மௌனம்—" [வேண்டாம். ஆழ்கடலை நான் செந்தோசா தீவுக்குப் போகும் ஃபெர்ரியிலிருந்து பார்த்ததோடு சரி.]

இரண்டாவது: "மனம் என்பது யாதெனில்—" [மலருக்கு அணிந்துரை எழுதுகிறவர் இப்படித்தான் தொடங்குவார். மோத வேண்டாம்.]

மூன்றாவது: கீழே மிளகாய் அரைக்கும் நாள்களில் மாடி ஏறுகிற எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏறுகிறார்கள். இதை ஒரு குறியீடாக— [எனக்கே வெட்கமாகிவிட்டது.]

நான்காவது, வெறுமனே: முத்தாயியின் கணவர் பாலகிருஷ்ணன் இறந்து நான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. கிளமெண்டியில் பத்தாவது மாடி வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பேச்சு மெல்ல மெல்ல நின்றேபோனது. அந்த வீட்டை விற்றுவிட்டு ஆங் மோ கியோவில் தன்னோடு வந்து இருக்கும்படி அண்ணன் சேதுபதி வற்புறுத்துகிறார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சரி என்று சொல்லவைக்கத்தான் உர்சுலாவிடம் அழைத்து வருகிறார்.

இதில் அலங்காரமே இல்லையே என்று வருந்தினேன். பிறகு இதையே வைத்துக்கொண்டேன்.

3

சேதுபதி ஒரு சங்கத்தின் செயலாளர். [எந்தச் சங்கம் என்று சொன்னால் அடுத்த ஆண்டு எனக்கு அழைப்பு வராது.] சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் மைக் இருக்கிறதா என்று கை தேடும்.

"மேடம், தங்கச்சிக்கு நீங்க நாலு வார்த்தை எடுத்துச் சொல்லணும். அறிவுரை என்பது—"

உர்சுலா முத்தாயியிடம் கேட்டார். "தூக்கம் வருதாக்கா?"

"எங்க மேடம் தூங்குறா!" என்றார் சேதுபதி.

"சாப்பிடுறீங்களா?"

"ரெண்டு வாய். அவ்வளவுதான்."

"ஃபேன் ரொம்ப வேகமா இருக்காக்கா?"

"அவளுக்குப் பரவால்ல மேடம்."

உர்சுலா முத்தாயியைப் பார்த்தபடியே இருந்தார். அவசரமில்லாத பார்வை.

எழுதுகிறவன் என்ற உரிமையில் மூலையில் உட்கார்ந்திருந்த நான் பதறிப்போனேன். இப்படிச் சும்மா இருந்தால் பக்கம் எப்படி நிறையும்? உர்சுலாவுக்கென்று ஒரு வசனம் தயாராக வைத்திருந்தேன்: "துயரம் ஒரு நதி, சகோதரி! அதைத் தேக்கி வைத்தால்—" நீட்டினேன். அவர் வாங்கவில்லை. [அதைச் சேதுபதிக்கே கொடுத்துவிட்டேன். ஆண்டுக் கூட்டத்தில் பயன்படுத்திக்கொள்வார்.]

சேதுபதி மறுபடி வாயைத் திறந்தார். உர்சுலா கையை லேசாக உயர்த்தினார்.

"கொஞ்சம் கொறைங்க" என்றாள் முத்தாயி.

மாதக்கணக்கில் வாய் திறக்காத கதாநாயகியின் முதல் வசனம், ஃபேனைப் பற்றி! இதற்குப் பொன்னாடையா போர்த்துவார்கள்? கைக்குட்டைகூடத் தரமாட்டார்கள்.

உர்சுலா எழுந்துபோய் விசையைத் திருப்பினார். "போதுமா, இன்னும் கொஞ்சமா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் குறைத்தார். எனக்கும் சேதுபதிக்கும் வியர்க்கத் தொடங்கியது. எங்களை யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க."

"நானா? நான் அவ கூடப் பொறந்த அண்ணன் மேடம்!"

"அதனாலதான் லா."

அவர் போனார். நான் பேனாவைத் திறந்தேன். கதையின் உயிர்நாடி இனிமேல்தான்.

உர்சுலா என் பக்கம் திரும்பினார். "நீங்களும்."

"நான் எழுதுறவன், மிஸ்."

"தெரியும். வெளிய."

4

வெளியே ஒரு பெஞ்சு. சேதுபதி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். இவரை இன்னும் இரண்டு பக்கம் கேலி செய்யத் திட்டமிட்டிருந்தேன். வேட்டி, துண்டு, சங்கத்து லெட்டர்ஹெட் எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன.

"அவ சமையக்கட்டு ஜன்னலுக்கு வெளிய நீட்டுற மூங்கில் கழியில துணி காயப்போடுவா பாத்திருக்கீங்களா?" என்றார் திடீரென்று. மேடைக் குரல் இல்லை. "பாதி ஒடம்பு வெளிய இருக்கும். முன்னெல்லாம் ஒண்ணும் தோணாது. இப்ப அதை நெனச்சாலே எனக்குத் தூக்கம் போயிடுது சார். என் வீடு ரெண்டாவது மாடி."

"அவங்ககிட்ட இதச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்றேன், அவ மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. அதான் வீட்ட வித்துடலாம்னேன்."

வில்லன் கையைவிட்டுப் போய்விட்டார். லெட்டர்ஹெட் நகைச்சுவையைக் கோடு போட்டு வெட்டிவிட்டேன். [நல்ல நகைச்சுவை. வேறெங்காவது உதவும்.]

5

பெஞ்சில் உட்கார்ந்தபடியே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) முத்தாயி கதறியபடி அண்ணன் தோளில் சாய்கிறாள். இருவரும் ஆங் மோ கியோ செல்கிறார்கள். அண்ணன்மார்களுக்கு மிகவும் பிடிக்கும்.

ஆ) "இது என் வீடு! என் வாழ்க்கை!" என்று முழங்குகிறாள். இலக்கிய வட்டத்தின் மாதர் பிரிவு கைதட்டும். ஆனால் ஃபேனைக் குறைக்கச் சொல்லவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவள், அதற்குள் முழங்குவாளா?

இ) பத்தாவது மாடியில், ஜன்னலோரம்— [இல்லை. இதை எழுதமாட்டேன். சேதுபதி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.]

துக்கம் கேட்க வந்தவர்களின் வரிசையில், ஒரு பேனாவோடு நானும் நின்றுகொண்டிருக்கிறேனோ என்று அப்போது ஒரு சந்தேகம் வந்தது. அதை ஒரு பத்தியாக விரிக்க எண்ணியபோது கதவு திறந்தது.

முத்தாயி நின்றாள். முகம் ஈரமாக இருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம்.

சேதுபதி துள்ளி எழுந்தார். "போலாமாம்மா? டாக்சி பிடிக்கட்டுமா?"

"நீங்க போங்கண்ணே. எனக்கு இன்னும் பேசி முடியல."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

சேதுபதி மெல்ல உட்கார்ந்தார்.

"உள்ள என்ன சார் பேசுறா?"

"தெரியல."

"நீங்கதானே எழுதுறீங்க?"

"அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

அவர் போகவில்லை. நானும் போகவில்லை. வாசகரே, நீங்களும் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. வீட்டை விற்பாளா, அங்கேயே இருப்பாளா என்று உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால், அவள் வரும்வரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகும் நீங்களாக எடுத்து நீட்டாதீர்கள்.

கதவில் காதை மட்டும் வைக்க வேண்டாம். நான் வைத்துப் பார்த்துவிட்டேன். "தள்ளிப் போங்க சார்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது. உர்சுலாவின் குரல் அல்ல.