யூகோஸ்லாவியத் துவக்கு

என் கணவர் ஞானேந்திரனுக்குக் குடியில்லை, சூதில்லை. கோயிலில் காணுகிற பெண்களெல்லாம் "நீர் குடுத்து வைச்சனீர், இமெல்டா" என்பார்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தால்தானே தெரியும் நான் என்ன குடுத்து வைத்தேன் என்று. மனிசனுக்குத் துவக்குப் பைத்தியம், துப்பாக்கி என்றால் சோறு தண்ணி வேண்டாம். அதுவும் ஒரே துவக்கு, நாடு நாடாக. ரஷ்யாக்காரன் தன் பட்டாளத்துக்கு எஸ்.கே.எஸ் என்று ஒன்றைச் செய்தானாம். அதைப் பார்த்துச் சீனாக்காரனும் செய்தானாம், யூகோஸ்லாவியாக்காரனும் செய்தானாம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கிடக்கிறது.

"ஒண்டுபோல எண்டு மட்டும் சொல்லாதையும்" என்று அவருக்குக் கோபம் வந்துவிடும். ரஷ்யன் துவக்கின் முனையில் பூட்டிய கத்தி தட்டையாம், சீனனின் கத்தி பெரும்பாலும் ஊசிபோல இருக்குமாம், யூகோஸ்லாவியன் குழலுக்குள் குரோமியம் பூசாமல் விட்டுவிட்டானாம். என் பிறந்தநாள் எப்போது என்று கேட்டால் முழிப்பார்.

கியூபெக்கில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இரும்பு அலுமாரி வைத்திருக்கிறார். லைசென்ஸ், பதிவு, பூட்டு எல்லாம் சட்டப்படி. அதில் நான் குறை சொல்லமாட்டேன். என் தையல் மெஷினைக் குளிர் அடிக்கிற கராஜில் போட்டுவிட்டார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன ஞாயிறு சேர்ச்சில் பூசை முடிந்து வந்து நண்டுக்கறியோடு சாப்பிட்டு எழும்புகிறோம், புதிதாக வாங்கிய யூகோஸ்லாவியத் துவக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு மேசையில் கிடத்தினார். அதன் மரக்கட்டையில் யாரோ ஒரு பட்டாளக்காரன் தன் பெயரைக் கத்தியால் கீறியிருந்தான்.

"கீறல் விழுந்ததைப் போய் வாங்கியிருக்கிறீங்களே!" என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும். இந்தக் கீறலுக்குத்தான் எல்லாரும் அடிபடுறாங்கள். இதுக்கொரு கதை இருக்கெல்லே."

பிறகு என் தம்பி டனிஸ்ரனைப் பார்த்து, "தம்பி, இதை ஒருக்காப் பிடியும், ஒரு படம் எடுப்பம்" என்றார்.

டனிஸ்ரன் எங்களோடுதான் இருக்கிறான். முப்பது வயது, சென்ட் லோரன்ட்டில் ஒரு வேர்ஹவுசில் வேலை. அகதியாகக் கேட்டு வந்தவன். வழக்கு விசாரணை வருகிற கிழமை. எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை, அப்படியிருந்தும் ஆமி சந்தேகத்தில் பிடித்து அடித்தது என்பதுதான் அவன் வழக்கு. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவன் தயங்கினான். ஆனால் அத்தான் கேட்கிறார், அத்தான் வீட்டில்தான் சோறு. எப்படி மாட்டேன் என்பான்? வாங்கிப் பிடித்தான். பிடிக்கத் தெரியாமல் வீடு கூட்டுகிற தும்புத்தடிபோலத்தான் பிடித்தான். அவர் படம் எடுக்க, நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நேற்று வேலையால் வந்தவன் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்கு வந்தான். முகம் செத்துப்போய் இருந்தது.

"அக்கா, வேலையில ஒருத்தன் எனக்குச் சலூட் அடிக்கிறான்."

கூட வேலை செய்கிற கியூபெக்காரன் ஒருவனும் துவக்குப் பிரியனாம். அவர்களுடைய பேஸ்புக் குறூப்பில் டனிஸ்ரனின் படத்தைக் கண்டிருக்கிறான். போட்டது வேறு யாருமல்ல, என் வீட்டு மகராசன். படத்துக்கு மேலே இங்கிலீசில் எழுதியிருந்தார்: 'இது என் மனைவியின் தம்பி. இலங்கைக் காட்டில் இதே வகைத் துவக்கோடு சண்டை பிடித்தவர்.' கீழே இதயமும் கைதட்டலுமாக நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தன.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. லோயருக்கு போன் அடித்தோம். படத்தை உடனே குறூப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். "ஆனால் யாராவது பிரதி எடுத்திருப்பார்கள். உங்கள் கணவரே விசாரணைக்கு வந்து, தான் எழுதியது பொய் என்று சொல்லவேண்டும்" என்றார்.

மனிசன் வந்து வாசலில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கோதாரிக்கு இப்பிடி எழுதினனீங்கள்?"

"சும்மா ஒரு கதைக்கு எழுதினது, இமெல்டா. துவக்குச் சுடுற ரேஞ்சில எல்லாரும் என்னைக் கேக்கிறவங்கள், உங்கட நாட்டுச் சண்டை எப்பிடி எண்டு. நான் எண்பத்தொன்பதிலேயே வந்திட்டன். என்னட்ட என்ன கதை இருக்கு சொல்ல?"

"அதுக்கு என்ர தம்பியோ கிடைச்சான்?"

கதிரையில் தொப்பென்று இருந்தார். படத்தைக் குறூப்பிலிருந்து எடுத்துவிட்டார். விசாரணைக்கு வரச் சொன்னால் மட்டும் முழுங்குகிறார்.

"பொய்யெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? பேந்து அந்தக் குறூப்பில ஆர் என்னை மதிப்பாங்கள்?"

"அவனைத் திருப்பி அனுப்பினா, பேந்து நான் உங்களை மதிப்பனோ?"

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சரி, வாறன். ஆனா துவக்கைப் பற்றி எழுதினது முழுக்க உண்மை எண்டும் சொல்லுவன்" என்றார். அகப்பையால் ஒன்று போட்டால் என்ன என்று வந்தது எனக்கு.

"விடுங்கோ அக்கா" என்றான் டனிஸ்ரன். "அத்தான் வந்து சொன்னாச் சரி. எனக்கு அதில்லை பிரச்சினை."

"பின்னே என்னடா?"

"வன்னியில கடைசி நேரம் இயக்கம் சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வரேக்க, அம்மா என்னை நிலத்தில வெட்டின கிடங்குக்குள்ள விட்டு மேல பலகை போட்டு மூடி, அதுக்கு மேல அடுப்பு மூட்டிச் சமைச்சவ. என்ர பிள்ளையின்ர கை துவக்கில படக்கூடாது எண்டு. ஒருநாளும் படேல்லை அக்கா. இஞ்சை வந்துதான் பட்டது." சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். "ஜட்ஜ் பாத்தாலும் பரவாயில்லை. அம்மா அந்தப் படத்தைப் பாக்கக்கூடாது."

நான் அப்போது இங்கே இருந்தேன். அம்மா இதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் படத்தை ஞாயிறு பின்னேரமே மன்னாருக்கு அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியது நான்தான். நண்டுக்கறிப் படத்தோடு சேர்த்து அனுப்பினேன். எந்தப் படம் போனாலும் உடனே குரலில் பதில் போடுகிற அம்மா, இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.