பன்னிரண்டாம் வரிசை

ஹார்லனுக்கும் அவர் மனைவியின் தம்பி டெல்மருக்கும் பதினெட்டு வருஷமாக ஒரே சண்டை. இடமும் ஒன்றுதான்: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சனிக்கிழமைக் காலையில், பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் வண்டி நிறுத்துமிடம். வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, அதன்மேல் அடுப்பை வைத்து, ஆட்டம் தொடங்கும்வரை தின்பதும் கத்துவதும்தான் அங்கே எல்லாருக்கும் வேலை.

"இந்த ஆட்டத்துக்கு டிவிக்காரன் கோடிகோடியாக் கொட்டுறான். கோச்சுக்கு இந்த ஊர்ல எந்த டாக்டருக்கும் இல்லாத சம்பளம். வரி மட்டும் கிடையாதாம், கேட்டா கல்வியாம்!" டெல்மர் கரண்டியை ஆட்டினார். "எது கல்வி? பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுறதா? வரியைப் போடு மாப்ள, அந்தக் காசுல எல்லாருக்கும் வைத்தியம் பாரு."

"போடா டேய். இலவச வைத்தியம் இருக்குற கனடாவுல முட்டி ஆபரேஷனுக்கு ஒரு வருஷம் தேவுடு காக்குறான்." ஹார்லன் கறியும் பீன்ஸும் போட்ட சில்லியில், மூன்றாவது கிண்ணம் அது, இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைத் தோய்த்தார். "என் உடம்பை நான் பாத்துக்குவேன். ஊரான் வரிப்பணத்துல ஊசி போட்டுக்க எனக்கு வெக்கமா இருக்கும்."

"உனக்கென்ன, இன்சூரன்ஸ் இருக்கு, பேசுற."

ஹார்லனுக்குச் சுருக்கென்றது. இல்லையே! கூரை போடும் வேலை அவருக்கு. காப்பீடு சொந்தக் காசில்தான். மைதானத்தில் பன்னிரண்டாம் வரிசையில் இரண்டு இருக்கை வைத்திருக்க வருஷாவருஷம் விளையாட்டு நிதிக்கு நன்கொடை தர வேண்டும். தராவிட்டால் அடுத்த ஆள் வரிசையில் காத்திருக்கிறான். மார்ச்சில் நன்கொடையை ஏற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் கையில் காசில்லை. மனுஷன் காப்பீட்டை விட்டுவிட்டு இருக்கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தோரு வயசில் இப்படியும் ஒரு புத்தி! மனைவி நோரீனிடம் மூச்சுக்கூட விடவில்லை.

அந்த நினைப்போடு எழுந்தபோதுதான் நெஞ்சை யாரோ பிசைவதுபோல் இருந்தது. நெற்றி வியர்த்தது.

"முகமே சரியில்லையே, என்ன பண்ணுது?" என்று பக்கத்தில் நின்ற நோரீன் தோளைப் பிடித்தாள். டெல்மர் போனை எடுத்துவிட்டார்.

"ஆம்புலன்ஸ் கூப்பிட்ட, உன்னைக் கொன்னுடுவேன்! நான் நடந்தே வர்றேன்," என்று சீறினார் ஹார்லன். சாவைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பில்லை நினைத்தால்தான் குலை நடுங்கியது. ஒரு ஆம்புலன்ஸ், ஒரு ஆஸ்பத்திரி ராத்திரி, வீடே போய்விடும். நோரீன் தெருவில் நிற்பாள்.

மைதான வாசலில் விளையாட்டுத் துறையே போட்டிருந்த முதலுதவிக் கூடாரத்துக்கு இருவரும் அவரைக் கைத்தாங்கலாக நடத்திப் போனார்கள். அங்கே காசு கேட்பதில்லை. இளம் டாக்டரம்மா அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள்.

"ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

ஹார்லன் கூரைத் துணியைப் பார்த்தார். இனி மறைத்து என்ன? "இல்லம்மா. மார்ச்லயே விட்டுட்டேன். மைதானத்து சீட் போயிடக் கூடாதுன்னு... நோரீன், என்னை மன்னிச்சுடு."

நோரீன் கைப்பையைத் திறந்து, ஓர் அட்டையை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அதில் ஹார்லனின் பெயர் இருந்தது.

"ரத்துக் கடுதாசி மே மாசமே என் கைக்கு வந்துடுச்சு. ஸ்கூல் பஸ் ஓட்டுற எங்களுக்குக் கோடையில குடும்பத்தையும் ஸ்கூல் இன்சூரன்ஸ்ல சேர்க்க விடுவாங்க, சேர்த்துட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு நாலு மாசமா இதைச் சுமந்துக்கிட்டுத் திரியுறேன், மடையா."

டாக்டரம்மா காகிதச் சுருளைக் கிழித்து இரண்டு தடவை பார்த்தாள். "இதயம் நல்லா ஓடுது. காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?"

"மூணு கிண்ணம் சில்லி, நாலு பட்டை ரொட்டி," என்று டெல்மர் முந்திக்கொண்டார்.

"அப்ப இது வெறும் நெஞ்செரிச்சலாத்தான் இருக்கணும். எதுக்கும் திங்கக்கிழமை உங்க டாக்டர்கிட்ட முழுசாக் காட்டிடுங்க," என்று சிரித்தபடி இரண்டு மாத்திரை கொடுத்தாள். ஹார்லனுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது. இத்தனை மாதங்களில் அன்றுதான் முழுசாக மூச்சு விட்டார்.

டெல்மரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஸ்கூல் இன்சூரன்ஸுக்கு யார் காசு தெரியுமா மாப்ள? ஊர்ல எல்லாரும் கட்டுற வரி. என் வரியும் அதுல இருக்கு."

"வெக்கமா இருக்குமே உனக்கு?" என்றாள் நோரீன்.

ஹார்லன் அட்டையை வாங்கி, அன்றைய ஆட்டச் சீட்டு இருந்த சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"இல்ல," என்றார். "நிம்மதியா இருக்கு."