ஒத்திக்குப் போன பாதங்கள்

உபைதுல்லா தன் இரண்டு பாதங்களின் உணர்ச்சியை ஐந்து லட்ச ரூபாய்க்கு மூன்று வருஷ ஒத்திக்கு விட்டது ஒரு வைகாசி மாதத்துப் புதன்கிழமை. அன்றைக்குப் பண்ருட்டியில் பலாப்பழம் கிலோ பதினெட்டு ரூபாய். ஒத்திக்குப் பிடித்தவர் காடாம்புலியூர் முந்திரிக்காட்டுக்காரர் காத்தவராயன், எழுதினவர் சிதம்பரத்தில் பத்திரம் எழுதும் தில்லைநாதன். கிறுக்கன் வேலை என்று பிற்பாடு பலர் பேசினார்கள். பேசட்டும், அன்று மூன்று பேரும் தெளிவாகத்தான் இருந்தார்கள்.

உபைதுல்லாவுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஊரார் வீட்டுப் பத்திரங்களையெல்லாம் நகலெடுத்துக் கொடுத்தவர், தன் பெயரில் ஒரு சாண் மண் இல்லாதவர். ரூம் காலியாக இருக்குதாண்ணா என்று தினம் நாலு மாணவர்களாவது கேட்டுவிட்டுப் போவார்கள். பைபாஸுக்கு அந்தப் பக்கம் அரை மனை வாங்கி, நாலு ரூம் எழுப்பி வாடகைக்கு விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. மனை எட்டு லட்சம். மனைவி சாய்ரா கழற்றிக் கொடுத்த வளையலை விற்றதையும் சேர்த்து மூன்று லட்சம்தான் தேறியது. மிச்சத்துக்குக் கடன் வாங்கேன்யா என்றவர்களிடம், வட்டி ஹராம், அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார். அந்த விஷயத்தில் மனுஷன் கல்லு.

அந்தச் சமயத்தில்தான் காத்தவராயன் கடைக்கு வந்தார். கோர்ட் கேஸுக்குப் பத்திர நகல் வேண்டும். வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், தரையில் கிடந்த குண்டூசி மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, கால்ல ரத்தம்!”

“அப்புடியா? தெரியல பாய். சுகரு. ரெண்டு வெரலு ஏற்கெனவே போச்சு. இருபது ஏக்கரு முந்திரி இருக்குது, நம்ம மண்ண மிதிச்சா மிதிச்ச மாதிரியே இல்ல” என்றார் காத்தவராயன். அவர் கண் உபைதுல்லாவின் காலிலேயே நின்றது. பக்கத்தில் நகலுக்காகக் காத்திருந்த தில்லைநாதன், “ஒத்திக்கு வுட்டுடுங்களேன் பாய். வட்டியும் கெடையாது, வாடகையும் கெடையாது. பணத்தத் திருப்பிக் குடுத்த அன்னிக்கு காலு ஒங்களுது” என்றார். வீட்டை விடுவதில்லையா, அது மாதிரிதான்.

ஸ்டாம்பு பேப்பரில் தில்லைநாதன் நாலு எல்லையும் போட்டார்: மேலே கணுக்கால், கீழே உள்ளங்கால், முன்னே விரல் நுனி, பின்னே குதிகால், இதற்கு உட்பட்ட உணர்ச்சி. முப்பது வருஷமாக எழுதிப் பழகின கை, அதோடு நிற்கவில்லை. எல்லாப் பத்திரத்திலும் எழுதுவது போல, ‘மேற்படி சொத்துக்குப் போகவர உள்ள மாமூல் வழிநடைப் பாத்தியங்கள் உள்பட’ என்று ஒரு வரி சேர்த்தது. யாரும் கவனிக்கவில்லை. கையெழுத்தானதும் காத்தவராயன் கடைத் தரையில் பாதத்தை வைத்துப் பார்த்து, “அடேங்கப்பா, சில்லுனு இருக்குதே!” என்று கத்தினார். உபைதுல்லா பணத்தோடு வீட்டுக்குப் போனார். வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

மனை கிரயமானது. பிஸ்மி சொல்லி வலது காலை உள்ளே வைத்தார். எப்படி இருக்கு என்று சாய்ரா ஆசையாகக் கேட்டாள். இருக்கு என்றார். அதே நேரம் காடாம்புலியூரில் முந்திரி மரத்தடியில் இருந்த காத்தவராயன் நெஞ்சு பூரித்து, காரணம் தெரியாமல் வேலையாட்களுக்கெல்லாம் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் சாய்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, தூக்கிக்கொண்டு அழுதவர் காத்தவராயன்தான். உபைதுல்லா பில் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வருஷம் உபைதுல்லாவின் தாயார் மௌத்தானபோது மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவரும் காத்தவராயன். பாவம், அந்த அம்மாளை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பத்திரத்தை எடுத்துப் படித்த தில்லைநாதன் அந்த வரியில் விரலை வைத்து, “போகவர வழியையும் சேத்துக் குடுத்துட்டமே” என்று தலையில் கை வைத்தார். காலுக்குப் போகிற வழியில்தான் மனுஷனுக்குள்ள அத்தனையும் இருக்கிறது போலும். ஒத்தியில் எழுதினது எழுதினதுதான், பணம் திரும்புகிறவரை.

மூன்று வருஷம் முடிந்தபோது மனை விலை பன்னிரண்டு லட்சத்துக்கு ஏறியிருந்தது. வாங்க ஆளைக் கூட்டிவந்ததே சாய்ரா.

“மனைய வித்துட்டு ஒங்க கால மீட்டுடுங்க. எனக்கு ரூமும் வேணாம், வாடகையும் வேணாம். நீங்க வந்தாப் போதும்.”

“இப்ப வித்தா நஷ்டம். இன்னும் ஏறும்.”

“நான் அழுவுறேனே, ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலயா?”

“என்ன தோணணும்?” என்றார் உபைதுல்லா. குரலில் கோபம்கூட இல்லை. வந்தவரிடம் டீ குடிக்கிறீங்களா என்று கேட்டு அனுப்பிவைத்தார். அன்று மதியம் காத்தவராயன் முந்திரிக்காட்டில் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, “ஐயோ, எம் பொண்டாட்டி அழுவுறாளே” என்று அரற்றினாராம். அவர் சம்சாரம் மங்கலம் எதிரில்தான், கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

ஒத்தி இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. மேலே ஆறு லட்சம் கைக்கு வந்தது, நாலு ரூம் எழும்பியது. இப்போது ரூமுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு வாடகை, காலியே விழுவதில்லை. உபைதுல்லா புவனகிரி ரோட்டில் அடுத்த மனை பார்த்திருக்கிறார். கைகளுக்கு என்ன கிடைக்கும் என்று தில்லைநாதனிடம் விசாரித்ததாகக் கேள்வி. காத்தவராயன் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, வெறுங்காலோடு ரூம் எழும்பிய மனையைச் சுற்றி நடந்துவிட்டுப் போவார். மண்ணு எப்படி மாமா இருக்கு என்று உபைதுல்லா கேட்பார். ஈரமா இருக்கு பாய், இன்னிக்கு நல்லாருக்கு என்பார் அவர். உபைதுல்லா தலையாட்டிக்கொள்வார். ஊரிலும் இதெல்லாம் பழகிவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சாய்ரா முதலில் போன் போடுவது காடாம்புலியூருக்குத்தான். அவர் சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார். உபைதுல்லாவும் கடையைப் பூட்டிக்கொண்டு வருவார், மெதுவாக.